ஸ்விட்சின் முகவரி

கேள்வி: எங்கள் சேமிப்பு வலையமைப்பில் உள்ள ப்ரோகேட் ஃபைபர் சேனல் ஸ்விட்சின் ஐ.பி. முகவரியை மாற்ற வேண்டியிருக்கிறது. வட்டுகளுக்குச் செல்லும் தரவு தடைபடுமோ?

பதில்: தடைபடாது. சர்வருக்கும் வட்டுக்கும் இடையே தரவு கண்ணாடியிழை வழியாக, ஃபைபர் சேனலுக்கே உரிய 24 பிட் முகவரிகளைக் கொண்டு சஞ்சரிப்பதாலும், தாங்கள் மாற்றக் கருதும் ஐ.பி. முகவரியோ நிர்வாகத்துக்கென்று தனியே அமைந்த ஈதர்நெட் போர்ட்டை மட்டுமே சார்ந்ததாலும், அச்சத்துக்கு அவகாசமில்லை.

ஆனால் வலையமைப்பு மார்க்கமாகவே உள்நுழைந்து மாற்றினால், முகவரி மாறிய க்ஷணத்திலேயே தங்கள் இணைப்பு அறுந்துபோகும். எழுத்துப் பிழையும் நேர்ந்திருந்தால் திரும்பி நுழைய வழியிராது. ஆதலால் சீரியல் கேபிளை மாட்டி, 9600 வேகத்தில், 'அட்மின்' பெயரில் நுழைவதையே நான் வற்புறுத்துவேன். 'ஐபிஅட்ர்செட்' கட்டளையைத் தட்டியதும், பழைய முகவரி (புதுச் சாதனமாயின் பெரும்பாலும் 10.77.77.77) சதுர அடைப்புக்குள் தோன்றி விடைக்குக் காத்திருக்கும், புதியதை இடுங்கள், மாற்ற வேண்டாதவற்றுக்கு வெறும் என்டர் போதும். சப்நெட் மாஸ்க், கேட்வே இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். கேட்வே பிழையானால் பக்கத்து மேசையிலிருந்து எட்டும் ஸ்விட்ச் அடுத்த கட்டடத்திலிருந்து எட்டாது. முடிவில் 'ஐபிஅட்ர்ஷோ' கட்டளையால் சரிபார்த்த பின்னரே கேபிளைக் கழற்றுங்கள்.