வீராசாமி என்னும் ஐதராபாத்துக்காரர்

கேள்வி: லண்டன் ரீஜண்ட் வீதியில் ‘வீராசாமி’ என்ற பழைய உணவு விடுதி உண்டாமே, அதை ஸ்தாபித்தவர் தமிழரா? (செகந்திராபாத் வாசகர் ஒருவர்)

பதில்: பெயரைக் கேட்டவுடன் அவ்வாறு எண்ணுவது இயல்பே, ஆயினும் அவர் தமிழர் அல்லர். அவருடைய இயற்பெயர் எட்வர்ட் பாமர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதியாக விளங்கிய வில்லியம் பாமருக்கும், முகலாய உயர்குலத்தவராகச் சொல்லப்படும் பைஸ் பக்ஷ் பேகத்துக்கும் கொள்ளுப்பேரனாக, நிஜாம் அரசுக்கே பெருங்கடன் கொடுத்துப் புகழையும் பழியையும் ஒருங்கே ஈட்டிய ஐதராபாத் பாமர் குடும்பத்திலே தோன்றியவர். 1896-இல் ‘இ. பி. வீராசாமி’ என்ற பெயரில் லண்டனில் வர்த்தகம் தொடங்கிய அவர், இந்தியாவிலிருந்து மசாலைப் பொருள்களையும் சட்னி வகைகளையும் தருவித்து ‘நிஜாம்’ என்னும் முத்திரையுடன் விற்றார். 1924-இல் வெம்ப்ளியில் கூடிய பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் கண்காட்சியில் இந்திய மண்டபத்து உணவுப் பகுதிக்கு ஆலோசகராக இருந்தார். அங்கே திரண்ட ஜனங்கள் காட்டிய ஆவலால் ஊக்கம் பெற்று, 1926-இல் அந்த விடுதியைத் திறந்தார். பிரிட்டனில் நிலைத்து நின்ற இந்திய உணவு விடுதிகளுள் அதுவே மிகப் பழமையானது.

கேள்வி: விடுதி நடத்துபவரே உணவைப் பற்றி நூலும் எழுதும் வழக்கம் எப்போது தோன்றியது?

பதில்: பாரிஸ் நகரில் 1782-இல் பெரிய உணவுச்சாலை ஒன்றைத் திறந்து பிரசித்தி பெற்ற ஆந்துவான் பொவில்யே என்பவர், தம் வித்தையைத் திரட்டி 1814-இல் ஒரு சமையல் நூலாக வெளியிட்டார், விடுதியும் நூலும் ஒருவர் கையிலே சேர்ந்ததற்கு அவரை ஆதி உதாரணங்களுள் ஒன்றாகக் கூறலாம். நம்மவருள், பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது எழுத்திலிருந்து அடுப்புக்கு வந்தவர். 1794-இல் தம் யாத்திரை வரலாற்றை வெளியிட்டு, ஆங்கிலத்தில் நூல் எழுதிய முதல் இந்தியர் என்ற கீர்த்தியை அடைந்த அவர், 1810-இல் லண்டனில் ‘இந்துஸ்தானி காபி ஹவுஸ்’ என்ற விடுதியைத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் பொருள் நஷ்டமுற்றுக் கைவிட்டார். பாமரோ முதலில் மசாலையை விற்று, பிறகு உணவைப் படைத்து, அதன் பின்னர் அதைச் சமைக்கும் முறையையும் எழுதிக் கொடுத்தவர். 1936-இல் வெளியான அவருடைய ‘இந்தியச் சமையல்’ நூல், எல்லாத் தேசத்தாரும் கையாளத்தக்கது என்னும் உத்தேசத்தைத் தலைப்பிலேயே தாங்கி நின்றது.

கேள்வி: ஐதராபாத்துக்கு இதில் என்ன விசேஷம்?

பதில்: முகலாயர் கொண்டுவந்த ‘தம்’ போடும் முறையோடு தெலுங்கு நாட்டுப் புளியும் எள்ளும் நிலக்கடலையும் கலந்து ‘பகாரா பைங்கன்’ முதலிய பதார்த்தங்கள் உருவான அந்நகரில், பாக சாஸ்திரம் நெடுங்காலம் பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல், பாவர்ச்சிகள் எனப்படும் சமையற்காரர்களின் கைப்பக்குவத்திலும் குடும்பப் பெண்களின் ஞாபகத்திலுமே வாழ்ந்து வந்தது. செய்முறையை மறைத்தால்தான் வியாபாரம் பெருகும் என்று விடுதிக்காரர் கருதுவது உலக வழக்கம். அப்படியிருந்தும் சோறு விற்றவரே அதன் முறையையும் அந்நியருக்குக் கற்பித்தார் என்பதைத்தான் நான் பாமரின் பெருமையாகக் கருதுகிறேன். 1990-களின் இறுதியில் பிரதிபா கரணும் பில்கீஸ் லத்தீபும் ஐதராபாத் சமையலை விரிவான நூல்களாக்கியது அதே தர்மத்தின் தொடர்ச்சியே ஆகும். எழுதி வைக்காத பக்குவம் அதை அறிந்தவருடனேயே மறைந்துவிடுமாதலால், அந்நகரத்து விடுதிக்காரர் ஒவ்வொருவரும் தம் முதிய பாவர்ச்சியின் அருகே எழுதத் தெரிந்த ஒருவரை உட்கார வைப்பது, இன்னொரு கிளை திறப்பதைக் காட்டிலும் மேலான காரியம்.