சட்டசபைக்குப் போக வேண்டிய கணக்கு



விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் இருப்பவர், எம்.எல்.ஏ. மேடையில் இருப்பவர். இவர்களுக்குள் என்ன உறவு என்று கேட்கலாம். சட்டம் போடுவதும் பணம் ஒதுக்குவதும் சட்டசபையின் வேலை. எங்கே குறை, எவ்வளவு குறை என்று அளந்து சொல்வது அறிவியலின் வேலை. இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்!

அடையாறு தரும் பாடம்

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்பு சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் இருந்தார். 1930-ல் பதவியைத் துறந்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர் விடாமல் பாடுபட்டதால், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது.

அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1981-ல் சென்னை நகரின் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுக்கும் பதிவேடு அங்கே ஆரம்பமானது. 2012-ல் தமிழக அரசோடு சேர்ந்து மாநிலம் முழுவதற்கும் அந்தக் கணக்கெடுப்பு விரிந்தது. இடையில் எத்தனையோ ஆட்சிகள் மாறின. கணக்கு மட்டும் நிற்கவில்லை. நம்பகமான கணக்கு எந்தக் கட்சி வந்தாலும் தேவைப்படும். உறவு நிலைப்பதன் ரகசியம் இதுதான்.

செய்ய வேண்டியவை

1. காரியம் ஆக வேண்டிய நாளில் மட்டும் போய் நிற்கக் கூடாது. முன்பே அறிமுகமாகி, கேட்டதற்கு விளக்கம் சொல்லி வர வேண்டும்.
2. சொல்வதை ஒரே பக்கத்தில், தமிழில், எண்ணோடு எழுத வேண்டும்.
3. தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். ஒரு தடவை கூட்டிச் சொன்னால் மறு தடவை நம்ப மாட்டார்கள்.
4. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் ஒரே கணக்கைத்தான் தர வேண்டும்.
5. பின்தொடர வேண்டும். சட்டசபையில் அமைச்சர் வாக்குறுதி தந்தால் அதைக் கவனிக்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்கள் மனுவுக்கு மனுக்கள் குழு இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம்

எங்கள் வீட்டில் படிப்பு வாசனை என்னோடுதான் ஆரம்பம். அப்பா கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார், ராத்திரியெல்லாம் இருமுவார். எங்க தெருவில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயந்திரம் கரி படிந்திருக்கும். "தூசு ஜாஸ்தி சார்" என்று எம்.எல்.ஏ.விடம் சொன்னால் அது புலம்பல். பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். வெளிக்காற்றில் நுண்தூசு (பி.எம். 10) 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்பது 2009-ல் வகுத்த தேசிய அளவு. எங்க தெருவில் இத்தனை நாள் இவ்வளவு இருந்தது என்று அளந்து காட்டினால், அது சபையில் அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகும்.

முடிவுரை

"நாம டிப்ளமோதானே, விஞ்ஞானியா?" என்று ஒதுங்க வேண்டாம். மீட்டர் பார்த்துச் சரியாகக் குறிக்கத் தெரிந்தவர்கள் நாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் மூன்றும் சட்டமன்றத் தொகுதிகள். 18 வயது ஆனவனுக்கு அங்கே ஓட்டு உண்டு. ஓட்டோடு கணக்கும் கொண்டு போவோம். அப்பாக்களின் இருமலுக்கு அப்போதாவது பதில் கிடைக்கும்.

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)