கைப்பைக்கு ஒரு மழை உறை

பத்தாம் வகுப்பு மாணவி

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது பழமொழி. நம் சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கொண்டு வருவது. அந்த மூன்று மாதமும் நாம் குடை பிடித்து நம்மைக் காத்துக்கொள்கிறோம். தோளில் தொங்கும் கைப்பையை மட்டும் மறந்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், என் பிறப்புச் சான்றிதழை நகல் எடுப்பதற்காக அம்மா கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மாலையில் மூலக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையுடன் நடந்து வந்தார். அப்போது ஒரு கன்டெய்னர் லாரி பள்ளத்தில் இறங்கி, தேங்கிய தண்ணீரை வாரி அடித்தது. மாதவரத்தில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கத்திலிருந்தும் வரும்! வீட்டில் பையைத் திறந்தபோது சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் கரைந்திருந்தன. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறியின் கீழ் அதை விரித்து வைத்தார். வேறு பிரதி வாங்க இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். இரண்டு நாள் சம்பளம் போயிற்று.

இது எங்கள் வீட்டுக் கவலை மட்டுமல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின்னும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின்னும் சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. காகிதம் சிறியது, அதற்காக அலைவது பெரியது.

தண்ணீர் எங்கே நுழைகிறது?

விடுமுறையில் அம்மாவின் பைக்கு ஓர் உறை தைத்தேன். எங்கள் வீட்டில் கம்பி முறிந்த குடை ஒன்று கிடந்தது. அதன் துணியைப் பிரித்து, பாட்டியின் சுருக்குப்பை போலப் பையை நடுவில் வைத்து மேலே சுருக்கிக் கட்டினேன். உள்ளே பழைய செய்தித்தாளை வைத்து, மேலிருந்து பத்துக் குவளை தண்ணீர் ஊற்றினேன். சுருக்கிய வாய் வழியே தண்ணீர் இறங்கி, வெளியேற வழியின்றி அடியில் குடம் போல் தேங்கி நின்றது! செய்தித்தாள் முழுவதும் ஊறிவிட்டது.

பாட்டி சிரித்துவிட்டு, "நாற்று நடும்போது நாங்கள் கொங்காணி போட்டுக்கொள்வோம், பார்த்ததில்லையா?" என்றார். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொள்வதே கொங்காணி. அதில் வாய் கீழே இருக்கும். தண்ணீர் வழிந்து போய்விடும். கூரையும் அப்படித்தானே! ஆகவே உறையைப் பையின் மேல் கவிழ்ப்பது என்று முடிவு செய்தேன்.

இன்னொரு குறையும் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ் 1823-ல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தையற்காரர்கள் அதைக் கோட்டாகத் தைத்தபோது ஊசித் துளைகள் வழியே தண்ணீர் கசிந்தது. பருத்தி நூலும் நுண்புழை ஏற்றத்தால் நீரை உறிஞ்சி உள்ளே அனுப்பும். எனவே தையலை அடைப்பதே முக்கியம்.

தேவையான பொருள்கள்

பழைய குடைத் துணி, அந்தக் குடையின் நீண்ட உறை, நான்கு மீட்டர் நாடா, பாலியெஸ்டர் நூல், ஊசி, மெழுகுவர்த்தித் துண்டு.

செய்முறை

1. பையின் உயரத்தை இரண்டால் பெருக்கி, நீளத்தையும், மடிப்புக்கு 10 சென்டிமீட்டரையும் கூட்டுங்கள். அம்மாவின் பை 25 உயரம், 30 நீளம். எனவே 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் போதும். குடைத் துணியில் அது கிடைத்துவிடும்.

2. குடையின் நுனி வந்த நடு ஓட்டையைக் குடை உறையின் வாயளவுக்குப் பெரிதாக்குங்கள். குடை உறையின் அடியை வெட்டிக் குழாயாக்கி, 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, அந்த ஓட்டையைச் சுற்றித் தைத்துவிடுங்கள். இதுதான் உறையின் கழுத்து.

3. வட்டத்தின் ஓரத்தை மடித்துத் தைத்து, மூன்று மீட்டர் நாடாவை உள்ளே கோத்துவிடுங்கள்.

4. எல்லாத் தையல்களிலும், குடையின் பழைய தையல்களிலும்கூட, இரு பக்கமும் மெழுகை அழுத்தித் தேயுங்கள். மேலே காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் ஒற்றுங்கள். சூடு அதிகமானால் துணி உருகிவிடும். பெரியவர்கள் அருகில் இருக்கட்டும்.

5. பையின் வார்களைக் கழுத்து வழியே வெளியே எடுத்து, உறையைக் கீழே இழுத்துவிடுங்கள். மீதி நாடாவால் கழுத்தைக் கட்டி, அதன் விளிம்பைக் காலர் போல வெளிப்புறம் மடித்துவிடுங்கள். அடி நாடாவைச் சுருக்கும்போது மூன்று விரல் இடைவெளி விட மறக்காதீர்கள். உள்ளே வரும் நீர் வெளியேற அதுவே வழி.

மறுபடியும் சோதித்தேன். பத்துக் குவளை மேலிருந்தும், லாரியை நினைத்துக்கொண்டு ஐந்து குவளை பக்கத்திலிருந்தும் ஊற்றினேன். மெழுகு தேய்க்கும் முன் தையல் நெடுகச் செய்தித்தாளில் ஈரக் கோடுகள் விழுந்தன. தேய்த்த பின் கழுத்தருகே ஒரு மூலை மட்டும் ஈரமாயிற்று. வார் வழியே இறங்கும் தண்ணீரை முழுவதும் தடுக்க எனக்குத் தெரியவில்லை. ஆகையால் சான்றிதழ்களைத் தனியே ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வைத்து, அதன் பின் பையில் வைப்பதே நல்லது. மெழுகு உதிரும், மாதம் ஒரு முறை மீண்டும் தேய்க்க வேண்டும்.

தோழியரே, இந்த உறைக்கு நான் செலவழித்தது நாடாவுக்கும் நூலுக்கும் மட்டுமே. குப்பைக்குப் போக இருந்த குடை இன்று அம்மாவின் தோளில் இருக்கிறது. நம் சான்றிதழ்களையும் சாப்பாட்டையும் மூக்குக் கண்ணாடியையும் பஸ் கட்டணத்தையும் சுமந்து, மழையில் நமக்காக நடப்பவர்கள் நம் தாய்மார்கள். அடுத்த ஐப்பசி பிறக்குமுன் அவர்கள் பைக்கும் ஒரு குடை செய்து கொடுப்போமா?