இருப்பு நிறைய, மாற்றிக்கொள்வோம்: கால்பந்து தரும் பாடம்

கால்பந்தில் களமிறங்குவோர் 11 பேர்தான். ஆனால் காயம், களைப்பு என்று வரும்போது ஒவ்வோர் இடத்துக்கும் மாற்று ஆள் வேண்டும். ஓரிடத்தில் ஆள் மிகுந்து மற்றோரிடத்தில் குறைந்தால் அணி தடுமாறும்.

2023 ஜூலையில் கொல்கத்தாவின் மோகன் பகான், தன் தற்காப்பு வீரர் பிரீதம் கோட்டாலைக் கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கொடுத்து, நடுக்கள வீரர் சஹல் அப்துல் சமதைப் பெற்றது. வித்தியாசத்துக்குப் பணமும் கொடுத்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பை வென்றபோது அணித்தலைவர் கோட்டால்தான். நல்ல சரக்கைக் கொடுத்தே தேவையானதை வாங்கினார்கள். 2024 ஏப்ரலில் லீக் கேடயமும் வந்தது.

நம் காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் உளுந்து மூட்டைகள் தேங்கும். துவரம் பருப்பு கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அடுத்த தெருவில் நிலைமை தலைகீழ். உளுந்தை நஷ்டத்துக்குத் தள்ளி, வட்டிக்குப் பணம் வாங்கித் துவரை எடுப்பானேன்? மாற்றிக்கொள்ளலாமே!

மூன்று கவனம் வேண்டும். வண்டு விழுந்ததைத் தலையில் கட்டக்கூடாது; கட்டினால் அடுத்த முறை நம்மை யாரும் நம்பமாட்டார்கள். அன்றைய சந்தை விலை போட்டு, வித்தியாசத்தை ரொக்கமாகத் தீர்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டம் 7-ஆம் பிரிவில் பண்டமாற்றும் அடங்கும். பதிவு பெற்றவர்கள் இருபுறமும் பில் போட வேண்டும்.

கால்பந்தில் வீரர் மாற்றத்துக்கு ஆண்டில் இரு தவணைதான். நாமும் முகூர்த்த மாதம் பிறக்குமுன் இருப்பைப் பார்ப்போம். திரும்பிப் போன வாடிக்கையாளர் மறுபடி வருவது அரிது.