குழுவில் புது யோசனை ஏன் எழுவதில்லை?

மென்பொருள் குழுக்களை நடத்தும் பலருக்கும் ஒரு கவலை உண்டு: கொடுத்த வேலையைச் சரியாக முடித்துவிடுகிறார்கள், ஆனால் தாமாக எதையும் கொண்டுவருவதில்லை. உங்களுக்கும் அந்தக் கவலை இருந்தால், ஆட்களை மாற்ற வேண்டும் என்று அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலான குழுக்களில் யோசனைக்குப் பஞ்சமில்லை. முயன்று பார்க்க நேரமும், முயன்று தோற்றால் பாதுகாப்பும்தான் கிடைப்பதில்லை.

முதலில் நேரம். எல்லோருக்கும் 100 சதவீதம் வேலை கொடுத்துவிடுவதே நல்ல நிர்வாகம் என்ற எண்ணம், மணிக்கணக்கில் பில் போடும் சேவை நிறுவனங்களில் வேரூன்றியிருக்கிறது. வரிசைக் கோட்பாட்டின் (காத்திருப்பைக் கணக்கிடும் கணிதப் பிரிவு) எளிய மாதிரி வேறு கதை சொல்கிறது. ஒருவருடைய நேரத்தில் 80 சதவீதம் வேலையால் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் பணி, ஒரு பணியை முடிக்க ஆகும் சராசரி நேரத்தைப்போல 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதமானால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. அவசரமான பக் (நிரல் பிழை) திருத்தமே இப்படிக் காத்துக்கிடக்கும்போது, யாரும் கேட்காத யோசனைக்கு எப்போது முறை வரும்?

அடுத்தது பயம். ஆர்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய பிரிவுகளில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். 1999இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு உளவியல் பாதுகாப்பு (தயங்காமல் பேசலாம் என்ற நம்பிக்கை) என்ற கருத்து பரவலானது.

இந்த இரண்டு குறைகளின் அறிகுறிகளை ரெட்ரோவில் (ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச் சுற்றின் முடிவில் நடக்கும் மீள்பார்வைக் கூட்டம்) பார்க்கலாம். லீட் (குழுத் தலைவர்) மட்டும் பேசுவார். சென்ற மாதக் குறையே மீண்டும் வரும். நான் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. அரை நாள் சோதனை வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கும் ஸ்கிரிப்ட் ஒருவருடைய லேப்டாப்பில் இருக்கும். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரியாது. "சொன்னால் அதையும் என் தலையிலேயே கட்டிவிடுவார்கள்" என்பார் அதை எழுதியவர். அப்படி ஒருவர் இருந்தால், புதுமை உங்கள் குழுவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

போட்டி நிறுவனம் செயற்கை நுண்ணறிவு வசதி ஒன்றை அறிவித்ததும் 'நாமும் இரண்டு வாரத்தில் ஏதாவது செய்தாக வேண்டும்' என்று கிளம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாக்கத்தான் (குறுகிய நேர நிரலாக்கப் போட்டி) வைத்து டி-சர்ட் கொடுப்பதும் தீர்வாகாது. திங்கட்கிழமை அந்த நிரலைத் தொடர யாருக்கும் நேரம் ஒதுக்காவிட்டால், அடுத்த முறை திறமையானவர்கள் வரமாட்டார்கள்.

மாறாக, இரண்டு வார ஸ்பிரிண்டின் 10 வேலை நாட்களில் ஒன்றைப் புது முயற்சிகளுக்கென ஒதுக்குங்கள். ஒப்புக்கொள்ளும் வேலையையும் அதே அளவு குறையுங்கள். குறைக்காவிட்டால் அது இரவு வேலையாகிவிடும். என்ன செய்வது என்பதை, தினமும் தங்களுக்கு எரிச்சல் தரும் விஷயத்திலிருந்து குழுவினரே தேர்ந்தெடுக்கட்டும். உதாரணத்துக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ண பரத், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்வைப் பற்றிப் பல ஊடகங்கள் எழுதியதை ஒருசேரப் படிக்க ஒரு கருவி செய்தார். அதுதான் கூகுள் நியூஸ் ஆனது.

ஒவ்வொரு முயற்சியையும் ஸ்பைக் (நேர வரம்புள்ள சோதனை) ஆக நடத்துங்கள். என்ன எதிர்பார்க்கிறோம், எதை அளப்போம், எத்தனை நாள், எப்போது கைவிடுவோம் என்று தொடங்கும் முன்பே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஸ்பைக்கில் எழுதிய நிரலை அப்படியே வாடிக்கையாளரிடம் கொண்டுபோகக் கூடாது. பலன் தெரிந்தால் முறையாகத் திரும்ப எழுத வேண்டும். வெளியிடும்போது ஃபீச்சர் ஃப்ளாக் (வசதியை இயக்கவும் நிறுத்தவும் உதவும் நிரல் விசை) வைத்து முதலில் 1 சதவீதப் பயனர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். கோளாறு என்றால் உடனே மூடிவிடலாம்.

ஏதாவது உடைந்தால் "யார் செய்தது?" என்று தொடங்காதீர்கள். "எந்தச் சோதனை இதைப் பிடித்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். கைவிட்ட முயற்சியின் முடிவை ஒழுங்காக எழுதிவைத்தவருக்கு அப்ரைசலில் (ஆண்டு மதிப்பீடு) அதற்கான இடம் கொடுங்கள். அங்கே கிடைக்காத மதிப்பைக் கூட்டத்தில் கைதட்டி ஈடுசெய்ய முடியாது.

முதல் சில ஸ்பிரிண்டுகளில், ஒதுக்கிய அந்த ஒரு நாள் பழைய பக்குகளைத் திருத்துவதிலேயே போகலாம். போகட்டும். ரிலீஸ் நெருக்கடியில் அந்த நாளை எடுத்துக்கொள்ள நேர்ந்தால், எந்த வாரத்தில் திருப்பித் தருவீர்கள் என்பதை அன்றே குழுவிடம் சொல்லி, காலண்டரில் குறித்துவிடுங்கள்.