வடக்குப் பக்கத்து நிழலில் பெரணி

கேள்வி: மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. பூஜப்புரையில் பழைய வீடு. வடக்குப் பக்கம் முழுக்க ஒரு பலா, ஒரு மா, ஒரு கிணறு. ரோஜா, செம்பருத்தி எதை வைத்தாலும் ஒல்லியாக நீண்டு வளர்கிறதே தவிர ஒரு மொட்டு விடுவதில்லை. சரி, பெரணி வைப்போம் என்று முடிவு செய்தேன். இங்கிலாந்தில் இருக்கும் மகள், பனியையும் தாங்கும், வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் என்று அங்கே விற்கும் பெரணிகளின் பட்டியல் ஒன்றை அனுப்பினாள். இங்குள்ள நர்சரிகளில் அந்தப் பெயர்களை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. ஊட்டியிலிருந்து வாங்கிவந்த பெரணி மார்ச்சில் கருகிவிட்டது. வராந்தாவில் தொங்கும் பெரணியின் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். இலை நுனியெல்லாம் தீய்ந்துபோயிற்று. மாமரத்தில் தானாக வளர்ந்திருக்கும் பெரிய பெரணியும் கோடையில் காய்ந்து நிற்கிறது. பிடுங்கிவிடலாம் என்கிறார் கணவர். பெரணி வைத்தால் பாம்பு வரும் என்கிறார் மாமியார். எதிலிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி, திருவனந்தபுரம்

பதில்: முதலில் வேப்பெண்ணெய் பாட்டிலை உள்ளே வையுங்கள். நீங்கள் பார்த்தது பூச்சி இல்லை. பெரணி பூப்பதில்லை, விதையும் இல்லை. இலையின் அடியில் வித்துத்தூளைப் பைகளில் கட்டி வைக்கிறது. அந்தப் பைகளின் கூட்டம்தான் பழுப்புப் புள்ளி. நெஃப்ரோலெபிஸ் வகையில் ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்புக்கு இரு பக்கமும் புள்ளி வைத்ததுபோல ஒரே அளவில் வரும். பறவைக்கூட்டுப் பெரணியில் சாய்ந்த கோடுகளாக வரும். மெய்டன்ஹேர் பெரணியில் இலை விளிம்பே மடிந்து மூடிக்கொள்ளும். செடி நன்றாக இருக்கிறது, வயதுக்கு வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

உண்மையான செதில் பூச்சிக்கு இந்த ஒழுங்கு இருக்காது. இலையின் தண்டில், நரம்பில், மேலும் கீழுமாக ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் முழுதாகப் பெயர்ந்து வரும். பெரும்பாலும் சுற்றிலும் பிசுபிசுப்பு இருக்கும், எறும்பு ஏறும். அப்படி இருந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மோசமான இலையை வெட்டிவிடுங்கள். பெரணியின் இலை மெல்லியது. எண்ணெய், சோப்புக் கரைசல், பூச்சிமருந்து எதையும் அது எளிதில் பொறுப்பதில்லை. உரமும் அப்படித்தான்: டப்பாவில் போட்டிருக்கும் அளவில் நாலில் ஒரு பங்கு போதும், அதுவும் மழைக்காலத்தில் மட்டும்.

இனி மகள் அனுப்பிய பட்டியல். அதில் பெரும்பாலும் பாலிஸ்டிகம், டிரையாப்டெரிஸ் இனத்துச் செடிகள் இருக்கும். அருமையான செடிகள், உறைபனியில் இலை உதிர்க்காமல் நிற்கும். ஆனால் அவற்றுக்குக் குளிர்காலம் என்ற ஓய்வு வேண்டும். ஜனவரி இரவிலும் 22 டிகிரியை ஒட்டியே நிற்கிற உங்கள் ஊரில் அந்த ஓய்வு கிடைக்காது. ஊட்டிச் செடி செத்ததும் இதே கணக்குதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; பூஜப்புரையிலிருந்து கடல் சில கிலோமீட்டர். நீங்கள் தண்ணீர் ஊற்றாததால் அது சாகவில்லை, ஆகவே உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரணிக்குச் சோதனை இரண்டு காலத்தில் வருகிறது. ஒன்று ஜனவரி முதல் மார்ச் வரை. ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர்தான், ஆனால் அது இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையிலுமாக வந்து தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தபின் மண் காய ஆரம்பித்தால் கோடைமழை வரும்வரை காய்ச்சல்தான். மற்றொன்று ஜூன், ஜூலை. அப்போது வேர் மூழ்கி அழுகும். இந்த இரண்டையும் தாண்டுகிற செடிதான் உங்களுக்கு வேண்டிய பெரணி. பனி தாங்குமா என்ற கேள்வியை மகளிடமே விட்டுவிடுங்கள்.

அப்படித் தாண்டுகிற செடிகளைத் தேட நர்சரிக்குப் போவதற்கு முன் உங்கள் வெட்டுக்கல் மதிலைப் போய்ப் பாருங்கள். பாசி படிந்த ஈரமான இடுக்குகளில் நாலைந்து வகை பெரணி தானாக முளைத்திருக்கும். மலையாளத்தில் பன்னல் என்பார்கள். களை என்று சுரண்டி எறிவார்கள். அவை உங்கள் வீட்டுக் கோடையை ஏற்கெனவே பார்த்த செடிகள்.

வாங்குவதானால் முதல் இடம் நெஃப்ரோலெபிஸுக்கு. தொங்கும் தொட்டியில் நீங்கள் வைத்திருப்பதும் இதன் உறவுதான். 1894-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு வந்த பெரணிக் கட்டு ஒன்றில் தனித்துத் தெரிந்த செடியிலிருந்து பெருகியது பாஸ்டன் பெரணி. தரைக்கு அந்தச் சுருள் சுருளான வகைகள் வேண்டாம். நேராக வாள்போல் நிமிரும் சாதாரண நெஃப்ரோலெபிஸ் கேளுங்கள். அதில் கார்டிஃபோலியா என்ற வகைக்கு வேரில் கோலிக்குண்டு அளவில் கிழங்குகள் இருக்கும், தண்ணீரைச் சேமித்து வைக்கும். கோடையில் ஒரு வாரம் நீங்கள் ஊருக்குப் போய்வந்தாலும் தாங்கும். ஒரே தொல்லை, ஓடுவேர் விட்டுப் பரவும். பாத்தியைச் சுற்றி உடைந்த கூரை ஓடுகளை ஒரு சாண் ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதைத்துவிட்டால் அடங்கும்.

இரண்டாவது, பறவைக்கூட்டுப் பெரணி. நர்சரியில் பேர்ட்ஸ் நெஸ்ட் என்றே கேளுங்கள். இதைத் தரையில் நடாதீர்கள். இது மரத்தில் வாழ்கிற செடி, ஜூன் மழையில் தரையில் அழுகிவிடும். மாமரக் கவட்டையில் கதம்பல் (தேங்காய் மட்டை) துண்டுகளை வைத்துக் கயிற்றால் கட்டுங்கள், இல்லையென்றால் அகலமான தொட்டி. மேலிருந்து விழும் சருகை நடுக்குழியில் வாங்கித் தானே உரமாக்கிக்கொள்ளும். நடுவில் சுருண்டு வரும் இளந்தளிரைக் கையால் தொட்டால் வடுவோடு விரியும், அவ்வளவுதான் அதன் கோபம்.

மெய்டன்ஹேரில் ஒரு குழப்பம் உண்டு. மழைக்காலத்தில் மதிலில் வந்து, இலை நுனியே வேர்விட்டு நடந்துபோகும் உள்ளூர் வகை கோடையில் முழுக்க மறைந்துவிடும். ஜூனில் திரும்ப வரும். அழகுதான், ஆனால் நான்கு மாதம் வெற்றுச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். வருடம் முழுக்கப் பச்சை வேண்டுமென்றால் அடியாண்டம் லாட்டிஃபோலியம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து கேரளத்தில் தன் ஊர்போல் பரவிவிட்ட செடி. ரப்பர் தோட்டத்து நிழலிலும் வளர்கிறது. நுட்பமான சிற்றிலை கொண்ட கடைச்செடி மெய்டன்ஹேரும் வாங்கலாம். ஒருமுறை வாடினால் இலை மீளாது. அப்படி ஆனால் அடியோடு வெட்டிவிட்டு மண்ணை ஈரமாக வைத்திருங்கள், தளிர்க்கும்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் இருந்தால் அங்கே நீளமான இலையோடு டெரிஸ் விட்டாட்டா நிற்கும். பல பெரணிகள் புளித்த மண் தேடும்போது இது சுண்ணாம்பைத் தேடிப் போகிறது. இதற்கு இன்னொரு வினோதமும் உண்டு: மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் குவிக்கும் என்று 2001-இல் ஃப்ளோரிடா விஞ்ஞானிகள் கண்டார்கள். அழகுக்கு வைக்கலாம், ஆட்டுக்குப் போட வேண்டாம்.

மாமரத்துச் செடிக்கு வருவோம். உங்கள் கணவர் அரிவாளை எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அது பெரும்பாலும் நம் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்று சூப்புக்கு விற்கும் பெரணி. அதற்கு இரண்டு வித இலை. மரத்தை ஒட்டி ஓக்கு இலைபோல் விரிந்திருக்கும் பழுப்பு இலை முளைத்துச் சில வாரத்திலேயே காய்ந்துவிடும். காய்ந்தபடியே வருடக்கணக்கில் நின்று சருகையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். நீளமான பச்சை இலை உணவு தயாரிக்கும், கோடையில் உதிர்ந்துவிடும். ஆக, பிப்ரவரியில் பார்க்கிறவருக்கு முழுக்கச் செத்ததுபோல்தான் இருக்கும். தண்டு ஆட்டுக்கால்போல் உரோமத்தோடு தடித்து உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் சத்தை அது உறிஞ்சுவதில்லை, மரம் அதற்கு வெறும் உட்காருமிடம். மழை தொடங்கியதும் பச்சை விரியும். கடையில் வாங்கும் மான்கொம்புப் பெரணிக்கும் இதே பழுப்புக் கவசம் உண்டு, அதையும் உரித்துவிடாதீர்கள்.

இடம் தயாரிப்பதில்தான் உங்கள் உழைப்பு வேண்டும். பலாவுக்கு அடியில் மண்ணைக் கொத்தினால் வேர்தான் வரும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மரமே குடிக்கும். தென்னைக்குச் செய்வதை இங்கேயும் செய்யுங்கள். வேருக்கு இடையில் கிடைக்கிற இடத்தில் ஓரடிக் குழி, அதில் கதம்பலைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வைத்து, மேலே மண். மழை நீரை அது பிடித்து வைக்கும். மேல்மண்ணுக்குச் செம்மண், மக்கிய இலை, நார்க்கழிவு சம பங்கு, கொஞ்சம் கரித்துண்டு. நார்க்கழிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை: காயல் நீரில் ஊறிய கதம்பலிலிருந்து வந்ததானால் உப்பு இருக்கும். மூன்று நான்கு தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். இலை விளிம்பு காரணமில்லாமல் பழுக்கிறதென்றால் முதலில் உப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தண்டு மண்ணுக்கு மேலே தெரிய நடுங்கள், புதைத்தால் அழுகும். ஜூன் முதல் மழையில் நட எல்லோருக்கும் கை பரபரக்கும். நான் மலையாளச் சிங்க மாதத்துக்குக் காத்திருப்பேன், அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து. கனமழை தணிந்திருக்கும், அடுத்து துலாமழை வரும், ஜனவரிக்குள் வேர் ஊன்றிவிடும். கோடையில் காலையில் வேரடியில் ஊற்றுங்கள். இலைமேல் தெளித்தால் பார்க்கக் குளிர்ச்சி, செடிக்குப் பெரிய லாபம் இல்லை. பலாவின் தடித்த சருகு தளிரின் மேல் விழுந்தால் எடுத்துவிடுங்கள். செடிகளுக்கு இடையில் கிடக்கட்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், டெங்குக் கொசுவுக்கு அது தொட்டில்.

மழைக்காலத்து எதிரி ஆப்பிரிக்க நத்தை. இரவில் ஈரச்சாக்கு விரித்துப் பப்பாளி இலை போட்டால் காலையில் கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறும் கையால் தொடவே கூடாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கலாம். அந்த உப்புத் தண்ணீரைச் செடிப்பக்கம் கொட்டாதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். பெரணி பாம்பை அழைப்பதில்லை, ஆனால் ஈரச்சருகும் நிழலும் தவளையை அழைக்கும், பின்னால் மற்றது வரும். கேரளத்தில் சருகுக்குள் சுருண்டிருக்கும் முழமூக்கன் குழிவிரியனுக்கு, நாம் வழக்கமாகப் போடும் விஷமுறிவு மருந்து பயன்படுவதில்லை. ஆகவே வாசல், கிணற்றடி, நடைபாதை இவற்றிலிருந்து மூன்றடி தள்ளியே பாத்தி. அந்த மூன்றடியில் சருகு இல்லாமல் பெருக்கி வையுங்கள். வீட்டை ஒட்டித் தொட்டியும் தொங்கும் கூடையும் மட்டும். செடிக்குள் கைவிடுவதற்கு முன் கோலால் ஒருமுறை கிளறுங்கள், இருட்டினால் டார்ச். இதை மாமியாரிடமே மேற்பார்வைக்குக் கொடுத்துவிட்டால் வீட்டில் அமைதி.

பொன்முடி மலைப் பக்கம் போகும்போது வழியோரப் பெரணிகளைப் பார்த்துக் கை நீளும். நீட்டாதீர்கள். வனத்துறை அதிகாரியாக இருந்த பெட்டோம் 1863 முதல் சென்னையில் தென்னிந்தியப் பெரணிகளைப் படத்தோடு வெளியிட்டார். மலைக்கு இந்தப் பக்கம் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கம் அடிகளாரும் இருதயராஜும் 1992-இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளுக்குத் தனி நூலே எழுதினார்கள். அவ்வளவு வளம் உள்ள மலையிலிருந்து ஆளுக்கொரு செடி என்று பிடுங்கினால் எத்தனை நாள் நிற்கும்? மரப்பெரணிகள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை; வெட்டிய தண்டை ஆர்க்கிட் தொட்டியாக யாராவது விற்றாலும் வாங்க வேண்டாம். பார்க்க ஆசையாக இருந்தால் பாலோட்டில் 1979-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்வாருங்கள். ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம், பெரணிக்கென்றே தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே பெருக்க ஆசையென்றால் அந்தப் பழுப்புப் புள்ளிகளுக்கே திரும்பலாம். முற்றிய இலை ஒன்றைக் காகிதத்தில் கவிழ்த்து இரண்டு நாள் வையுங்கள், தூள் உதிரும். ஒரு செங்கல்லின் மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, தூளை அதன்மேல் லேசாகத் தூவிக் கண்ணாடிக் குடுவையால் மூடி நிழலில் வைத்துவிடுங்கள். சில வாரத்தில் பாசிபோல் பச்சை படரும். பிறகு இதயவடிவில் சின்னத் தகடுகள். அந்தக் கட்டத்தில் கருவுறுவதற்கே ஈரப்படலம் வேண்டும், அதனால் தட்டில் தண்ணீர் வற்றக்கூடாது. முதல் குட்டி இலை தெரிய மூன்று நான்கு மாதம் ஆகலாம். விரல் நீளம் வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள்.