முன்பருவக் கல்விச் சேர்க்கை (3–6 வயது): முக்கியக் குறிப்புகள்

புதுச்சேரியில் தவளக்குப்பத்தை ஒட்டிய மீனவ ஊரான நல்லவாட்டை மனதில் வைத்துப் படித்தால் இந்தப் பகுதி நன்றாகப் பதியும். அப்பா கடலுக்கும் அம்மா மீன் விற்கவும் கிளம்பிவிட்டால், மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கன்வாடிதான் பள்ளி, அதுதான் சாப்பாடு.

• ஐ.சி.டி.எஸ். (அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) தொடக்கம்: 2.10.1975, 33 வட்டாரங்கள். சேவைகள் 6. முன்பருவக் கல்வி 3–6 வயதினருக்கு மட்டும்.

• 400–800 மக்களுக்கு 1 அங்கன்வாடி மையம். குறு மையம் 150–400.

• 2013இல் வகுத்தபடி 3–6 வயதினருக்கு அங்கன்வாடி உணவில் நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி, 12–15 கிராம் புரதம். சட்ட அடிப்படை: உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, பிரிவு 5.

• சேர்க்கையைக் கணக்கிடுவது இரண்டு அமைச்சகங்கள். பலரும் தவறவிடும் இடம் இது. அங்கன்வாடிப் பிள்ளை பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் போஷன் டிராக்கரில் (2021) வரும், பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளை கல்வி அமைச்சகத்தின் பள்ளித் தரவுத்தளமான யுடைஸ் பிளஸ்ஸில் வரும். ஒன்றை மட்டும் பார்த்தால் ஊரில் பிள்ளைகளே குறைந்துவிட்டதுபோல் தெரியும். அங்கன்வாடியின் 11 பதிவேடுகளில் முதலாவது குடும்ப விவரம், நான்காவது முன்பருவக் கல்வி. முதலாவதில் பெயர் இருந்து நான்காவதில் இல்லாத நான்கு வயதுப் பிள்ளை நர்சரிக்குப் போகிறதா, வீட்டிலேயே இருக்கிறதா? நேரில் போய்க் கேட்காமல் தெரியாது.

• யுடைஸ் பிளஸ் சமூகப் பிரிவுகள் நான்கே: பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மதச் சிறுபான்மையினர், மாற்றுத்திறன் குழந்தைகள் தனிக் கணக்கு. 2022–23 முதல் மாணவர்வாரியாகத் தரவு.

• உன்னிகிருஷ்ணன் வழக்கு (1993): 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. 86ஆவது திருத்தம் (2002) 21ஏ பிரிவில் அதை 6–14 என்றாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோர் 45ஆவது பிரிவுக்கு, அதாவது வழிகாட்டு நெறிக்குப் போனார்கள். மிகவும் தேவைப்படும் வயதில் உரிமை இல்லாமல் போனது பெரிய இழப்பு என்றே சொல்வேன்.

• கல்வி உரிமைச் சட்டம் 2009, 12(1)(சி): தனியார் பள்ளியில் முன்பருவ வகுப்பு இருந்தால் நலிந்த பிரிவினருக்கான 25% இடம் அங்கிருந்தே தொடங்கும்.



• புதுச்சேரி 2011: மக்கள் தொகை 12,47,953, 0–6 வயதினர் 1,32,858, குழந்தைப் பாலின விகிதம் 967. எஸ்.டி. எண்ணிக்கை சுழியம். பழங்குடிக் குழந்தைகளே இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. அப்போது எந்தச் சமூகமும் அங்கே பழங்குடியாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. இருளர் அறிவிக்கப்பட்டது 2016இல்.